சென்றியில் காட்டும் கடிதம்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் தோடம்பழம் கொண்டுவருகிறார்கள். கதிரை நுனியில் இருந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்க்கிறார்கள். பிறகு மெல்லக் கேட்கிறார்கள்: "எப்பிடியக்கா கண்டுபிடிச்சவை?" ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்லப்போனால் இருமல் வந்துவிடுகிறது. சுருக்கிச் சொல்ல எனக்குப் பிடிப்பதில்லை. முதலில் யாழ்ப்பாணத்திலும் பிறகு கொள்ளுப்பிட்டியிலும் நொத்தாரிசுமாரின் கந்தோர்களில் இருபத்திரண்டு வருடம் காணி உறுதிகள் தட்டச்சு செய்தவள் நான். ஒரு வரி விட்டுப்போனாலும் காணி போய்விடும் என்று பழகிய கை. ஆகவே இதையும் தட்டச்சில் அடித்து, மூன்று கார்பன் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். இனி வருகிறவர்கள் தோடம்பழத்தை வைத்துவிட்டு இதை வாசிக்கலாம்.

முதலில் வந்தது இருமல். காலி வீதியில் பஸ் யன்னலோரம் இருந்து போய்வருகிறவர்களுக்கு இருமல் ஒரு புதினமா? கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். ஒரு மாதம் போயும் நிற்கவில்லை. என்னைவிட இவர்தான் அதற்குப் பயந்தார். இவர் என்றால் என் கணவர். ஓர் இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் பார்க்கிறவர். அதிகம் கதைக்காத மனிதர். நான் இருமினால் சாப்பாட்டுக் கோப்பையில் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். "என்ன, பேயைக் கண்ட மாதிரிப் பார்க்கிறியள்?" என்று ஏசுவேன். அவர் குனிந்து சோற்றைப் பிசைவார்.

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கை முகப்பில் இருக்கும் டொக்டர்தான் நெஞ்சுப்படம் எடுக்க அனுப்பினார். படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மேசையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பிடித்தார்.

"கசமோ டொக்டர்?" என்று சயரோகத்தை நினைத்துக் கேட்டேன்.

"கசம் இப்பிடி உருண்டை உருண்டையா நிக்காது, அக்கா," என்றார்.

இரண்டு சுவாசப்பையிலும் வெள்ளையாகச் சில உருண்டைகள். வலப்பக்கத்தில் ஒன்று தேசிக்காய் அளவு. மற்றவை சிறியவை. அவரைக் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று முழுக்க நான் செய்ததெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது: அரிசி கழுவினேன், சேலை மடித்தேன், லண்டனில் இருக்கும் மகள் சுமதிக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் இருமலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் ஒட்டினேன்.

பெரியாஸ்பத்திரி நெஞ்சு வாட்டில் கட்டில் கிடைக்க ஒரு கிழமை பிடித்தது. சேர்த்த அன்று ஓர் இளம் டொக்டர் கையில் அட்டையோடு வந்து கேள்வி கேட்டார். சிங்களப் பிள்ளை. ஆங்கிலத்தில்தான் கதைத்தார். புகை பிடிப்பதுண்டா, வீட்டில் யாருக்கும் கசம் உண்டா, முன்பு பெரிய வருத்தம் ஏதும் வந்ததா, ஒப்பரேஷன் செய்ததுண்டா. பிள்ளைப்பேறு ஒன்று, வேறு ஒன்றுமில்லை என்றேன். பிறகு என் கழுத்தைத் தடவிப் பார்த்தவர் இடது காதுக்குக் கீழே விரலை நிறுத்தினார்.

"இது என்ன?"

"கொழுப்புக் கட்டி ஒன்று. ஏழு வருடத்துக்கு முன் எடுத்தது."

"றிப்போட் இருக்கிறதா?"

நான் வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார். "அது சின்னக் கட்டி, டொக்டர். துண்டுகளெல்லாம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன."

இளம் டொக்டர் தலையை ஆட்டி, 'கொழுப்புக் கட்டி' என்று எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் தமிழர்கள் துண்டு தொலைந்துவிட்டது என்று சொன்னால் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் தொலைத்தவர்கள், பள்ளிக்கூடச் சான்றிதழ் தொலைத்தவர்கள், வீட்டையே தொலைத்தவர்கள் என்று கொழும்பு நிரம்பிக் கிடந்தது. எனக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு மாறியபோது எத்தனையோ சாமான் தொலைந்தது உண்மைதான்.

அந்தத் தழும்பைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்த நாட்களில் காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. அங்கே உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்று இருக்கிறதாம். வாயில் எச்சில் ஊறுவதற்கான சுரப்பி. அதற்குள் வந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். வெறும் கொழுப்பு என்று இவர் வந்து சொன்னார். நானும் நம்பினேன். காதடியில் இருந்து தாடைவரை தையல் ஓடியது. சிரித்தால் வாய் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும்.

வேறு ஊரென்றால் அது ஒரு தழும்பு, அவ்வளவுதான். சண்டைக் காலத்துக் கொழும்பில், அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று போட்டிருக்கும் ஒருத்தியின் கழுத்தில் தழும்பு இருந்தால் அது வேறு கதை. சந்திக்குச் சந்தி சென்றி. ஆமிக்காரர் அட்டையைப் பார்ப்பார்கள், பிறகு தழும்பைப் பார்ப்பார்கள், பிறகு எந்தக் காம்பில் பயிற்சி எடுத்தாய் என்று கேட்பார்கள். நாற்பது வயது தாண்டிய தட்டச்சுக்காரி என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒப்பரேஷன் முடிந்து முதல் மாதத்திலேயே என்னை ஒரு தரம் பொலிசுக்குக் கொண்டுபோய் நாலு மணித்தியாலம் இருத்திவைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் இவர் கட்டியை வெட்டிய சேர்ஜனிடம் போய் ஒரு கடிதம் வாங்கிவந்தார். முழுக்கச் சிங்களத்தில், கையெழுத்தில், கீழே ஒரு முத்திரையோடு. "இது ஒப்பரேஷன் தழும்பு எண்டு எழுதியிருக்கு. அட்டையோடை வைச்சிரும்," என்றார். பொலித்தீன் உறை போட்டு அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். சிங்களம் எனக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குக் கதைக்க வரும். எழுத்து ஒன்றும் தெரியாது.

அந்தக் கடிதம் நல்ல வேலை செய்தது. சென்றியில் நீட்டுவேன். வாசிப்பார்கள். குரல் தணிந்துவிடும். பையைக் கூடத் திறக்காமல் போகச் சொல்வார்கள். ஒரு முறை கொள்ளுப்பிட்டியில் ஓர் ஆமிப் பெடியன் வாசித்துவிட்டு, வழியை மறித்துக் கட்டியிருந்த கயிற்றை உயர்த்திப் பிடித்து, "அனே, பவ்," என்றான். பாவம் என்று அர்த்தம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்தால் அவ்வளவு கிழவி மாதிரியா இருக்கிறது? வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிச் சிரித்தேன். "உங்கட சேர்ஜன்ர எழுத்துக்கு ஆமியே உருகுது," என்றேன். இவர் எழும்பிப் போய்க் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு கனநேரம் நின்றார்.

வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சேர்ஜனிடம் காட்டவேண்டும் என்று இவர் வற்புறுத்துவார். முதல் வருடம் போனேன். மூன்று சென்றி, அரை நாள் லீவு, வாங்கிலில் நாலு மணி நேரம். இரண்டாம் வருடம் போகமாட்டேன் என்று நின்றுவிட்டேன். "எடுத்த கொழுப்புக்கு என்ன வருசத் திவசமோ? கொழுப்பு உங்களுக்குத்தான்," என்று வாய்க்கு வந்தபடி சொன்னேன். இவர் எடுத்துவைத்த குடையைப் பழையபடி ஆணியில் கொழுவிவிட்டார்.

இனி வாட்டுக்கு வருகிறேன். முதல் கிழமை முழுக்கத் தேடல்தான். இப்படிப் பல உருண்டைகள் இரண்டு பக்கமும் இருந்தால், ஒன்று சுவாசப்பையிலேயே தொடங்கிப் பரவியிருக்கவேண்டும், அல்லது உடம்பில் வேறு எங்கோ தொடங்கி இரத்தத்தோடு வந்து அங்கே தங்கியிருக்கவேண்டும் என்று பெரிய டொக்டர் சொன்னார். மார்பைப் பார்த்தார்கள். தைரொயிட்டைப் பார்த்தார்கள். வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள். ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் வாங்கில். ஒவ்வொரு வாங்கிலிலும் என்னைப் போலவே படக் கவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருக்கும் நாலைந்து பேர். எங்கேயும் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒன்றும் இல்லை என்றால் சந்தோசப்படவேண்டும்தானே? எனக்கு அது இன்னும் பயத்தைக் கூட்டியது.

பக்கத்துக் கட்டிலில் பிலோமினா அக்கா. கொட்டாஞ்சேனை. அவருடைய தகப்பனும் கணவரும் துறைமுகத்தில் வேலை செய்தவர்கள். நெஞ்சில் நீர் கட்டி வந்திருந்தார். அவருக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே வசனத்துக்குள் வரும். மிஸ்ஸிமார், அதுதான் தாதிமார், கதைப்பதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வது அவர் வேலை. "புள்ள, நாளைக்கு ஒனக்கு ஊசியாம். பயப்படாத. எனக்கு ரெண்டு தரம் குத்தினவங்க, இந்தா இருக்கேன்தானே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர் அவர்தான்.

ஊசி என்றால் மருந்து ஏற்றும் ஊசி அல்ல. முதுகுப் பக்கத்தில் விறைக்கப் பண்ணிவிட்டு, நீளமான மெல்லிய ஊசியை விலா எலும்புகளுக்கு நடுவால் அந்தத் தேசிக்காய் உருண்டைவரை விட்டு, கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நேரம் மூச்சை அடக்கவேண்டும். இருமக்கூடாது. இருமினால் சுவாசப்பை கிழிந்து காற்று வெளியே கசியலாம் என்று முன்கூட்டியே சொல்லி, கையெழுத்தும் வாங்கினார்கள். இரண்டு மாதமாக இருமலை அடக்கத் தெரியாத ஒருத்தியிடம் இருமாதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? குப்புறப் படுத்திருந்தேன். பல்லைக் கடித்தேன். தொண்டைக்குள் ஏதோ ஊர்ந்தது. இப்போது இருமினால் செத்தேன் என்று மட்டும் நினைத்தேன். அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். இருமவில்லை.

அறை மூலையில் ஒரு சின்ன மேசை. அதில் கண்ணாடித் தகடுகளோடு ஒரு கட்டையான பெண் டொக்டர் இருந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. ஊசியில் வந்த துளியைத் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டால் இழுத்துப் பூசி, விசிறிக் காயவைத்தார். இதைத்தான் சைட்டொலொஜி என்கிறார்கள். கட்டியை வெட்டாமல், அதில் இருந்து உதிர்ந்த கலங்களை, அதாவது செல்களை, மட்டும் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது என்ன சாதி, எங்கே பிறந்தது என்று சொல்வது. அவர் குனிந்து பார்த்தார். "ம்ம்," என்றார். அவ்வளவுதான். அந்த ம்ம் எனக்கு நல்லதாகப் படவில்லை.

அடுத்த நாள் இளம் டொக்டர் வந்து, சுவாசப்பையில் தொடங்கும் ஒரு வேகமான கான்சர் மாதிரித் தெரிகிறது என்றார். முழு றிப்போட் இன்னும் வரவில்லை, ஆனால் சின்னச் சின்னக் கறுப்புக் கலங்களாக வந்திருக்கின்றன, அந்தச் சாதிதான் அப்படி இருக்கும் என்றார். திங்கட்கிழமை கடுமையான மருந்து தொடங்கவேண்டி வரலாம், வீட்டு ஆட்களிடம் கதைக்கவேண்டும் என்றார். அவர் வேகமான என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார். நான் எத்தனை மாதம் என்று கேட்கவில்லை. கேட்கப் பயம். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சுமதிக்கு யார் சொல்வது என்று மட்டும் யோசித்தேன்.

சனிக்கிழமை காலை, டொக்டர்மார் வாட்டுச் சுற்றி முடித்துப் போன பிறகு, அந்த இரண்டு கண்ணாடி டொக்டர் தனியாக என் கட்டிலடிக்கு வந்தார். தகடு பார்க்கும் டொக்டர்மார் வாட்டுக்கு வருவதில்லை. அவர்கள் எங்களைக் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள். மிஸ்ஸிகூட எழும்பி நின்றுவிட்டார்.

"நீங்கள்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு என் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலால் அமத்திப் பார்த்தார். இடது காதடியில் நிறுத்தினார். தழும்பை மேலிருந்து கீழ்வரை தடவினார்.

"யார் இதைக் கொழுப்புக் கட்டி என்று சொன்னது?"

"என் கணவர்," என்றேன்.

"எங்கே வெட்டினார்கள்?"

"இங்கே, கொழும்பில்தான்."

"றிப்போட்?"

"தொலைந்துவிட்டது. சென்றியில் காட்டும் கடிதம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் உங்களுக்கு உதவ ஒன்றும் இராது."

"தாருங்கள் பார்ப்போம்," என்றார்.

தலையணைக்குக் கீழிருந்த பையில் இருந்து எடுத்து நீட்டினேன். ஆமிக்காரருக்கு நீட்டுவது போலவே, அட்டையோடு சேர்த்து. அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி, நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். பாதியில் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு டொக்டர் நோயாளியின் கட்டிலில் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

"இதை நீங்கள் வாசித்ததே இல்லையா?"

"எனக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது."

அவர் என்னையும் கடிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்து, கடிதத்தில் இருந்த ஓர் இலக்கத்தைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "மூன்று நாளாக இதைத்தான் தேடுகிறேன்," என்றார். "திங்கட்கிழமை மருந்து தொடங்கவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் வந்தால் என்னைப் பார்க்கச் சொல்லுங்கள்." கடிதத்தைப் பழையபடி மடித்து உறைக்குள் போட்டு என் கையில் தந்துவிட்டுப் போனார்.

நான் பிலோமினா அக்காவிடம் நீட்டினேன். "அக்கா, வாசியுங்கோ."

அவர் வாசித்தார். உதடு அசைந்தது. ஓர் இடத்தில் நின்றது. "புள்ள, கண்ணாடி இல்லாம எனக்கு இந்த எழுத்து வெளங்காது," என்றார்.

"கண்ணாடி மூக்கிலைதான் இருக்கு, அக்கா."

அவர் கையால் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "மாதாவே," என்றார். பிறகு மெல்ல, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "இந்த நோனாவுக்கு எச்சில் சுரப்பியில கான்சர். ஒப்பரேஷன் பண்ணி எடுத்திருக்கு. கழுத்துல இருக்கிற தழும்பு அதால வந்தது. மறுபடி வரக்கூடியது, அதனால ஒவ்வொரு வருசமும் பார்க்கணும். லாப் நம்பர் இது. இவங்களுக்கு ஒங்களால முடிஞ்ச ஒதவி செய்யுங்க."

ஏழு வருடம். வெள்ளவத்தைப் பாலத்தடியில் வாசித்தார்கள். கொள்ளுப்பிட்டியில் வாசித்தார்கள். பஸ்ஸை மறித்து ஏறி வாசித்தார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பெடியன்கள், என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல வராதவர்கள், எல்லோருக்கும் எனக்குக் கான்சர் என்று தெரியும். நான்தான் கையில் எடுத்துக் கொடுத்தேன். அடுத்தவர்களின் உறுதியில் ஒரு கால்புள்ளி பிழைத்தால் பிடித்துவிடுவேன் என்று எனக்கு எவ்வளவு தலைக்கனம்! போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தேன்.

நோயாளரைப் பார்க்க விடும் நேரத்துக்கு இவர் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு வந்தார். வழியில் சென்றிக்காரர் மூடி திறந்து முகர்ந்து பார்ப்பார்கள் என்பதால் அதை எப்போதும் துவாயால் சுற்றிக்கொண்டு வருவார், சூடு போகக்கூடாது என்று.

"கடிதம் வாசிச்சாச்சு," என்றேன்.

துவாயை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஆர் வாசிச்சது?"

"ஆமிக்காரர் எல்லாரும் வாசிச்சு முடிச்சிட்டினம். கடைசியா நான்."

அவர் ஸ்டூலில் இருந்தார். துவாயை மடியில் வைத்து மடித்தார். "முழுக்க எடுத்தாச்சு எண்டுதான் சேர்ஜன் சொன்னவர்," என்றார். "ஆனா திரும்பி வாற சாதியாம். உமக்குச் சொன்னா நீர் பயத்திலேயே முடிஞ்சிடுவீர் எண்டு நினைச்சன். சுமதிக்கும் அப்பதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தது. தாய்க்கு இந்த வருத்தம் எண்டு தெரிஞ்சா ஆர் வருவினம்?"

"றிப்போட் எங்கை?"

"எரிச்சுப்போட்டன். வீட்டிலை ஒரு கடதாசி விடமாட்டீர். கடலைச் சரை சுத்தின பேப்பரையும் விரிச்சு வாசிப்பீர். இங்கிலீசும் தெரியும், தமிழும் தெரியும். நான் எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது? சிங்களம் ஒண்டுதான் உமக்குத் தெரியாதது. அதுதான் அதிலை எழுதித் தாங்கோ எண்டு கேட்டு வாங்கினனான்."

"டொக்டர் கேக்கேக்கையாவது சொல்லியிருக்கலாமே?"

"அவர் உமக்கு முன்னாலை கேட்டார். பிறகு தனியச் சொல்லுவம் எண்டு ரெண்டு நாள் காலமை கேற்றடியிலை வந்து நிண்டனான். டொக்டர்மார் நிக்கிற நேரம் எங்களை உள்ளுக்கு விடுகினமே?" அவர் முகத்தைத் துவாயால் துடைத்தார். "நீர் ரெண்டாம் வருசம் போகமாட்டன் எண்டு நிண்டீரல்லோ, அண்டைக்கு நான் சொல்லியிருக்கவேணும். அது என்ர பிழைதான்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஃபிளாஸ்க்கை எடுத்து எறியவேண்டும்போல இருந்தது. ஆனால் அறுபது வயது மனிதர் இருபது கட்டில் வாட்டில், எல்லோரும் பார்க்க, துவாய்க்குள் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார். ஏழு வருடமும் என்னுடைய ஒவ்வொரு இருமலையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "கஞ்சியை ஊத்துங்கோ, ஆறப்போகுது," என்றேன்.

அன்று பின்னேரம் அந்த டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி விளங்கப்படுத்தினார். ஊசியில் வந்த கறுப்புக் கலங்கள் இரண்டு சாதியில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்குமாம். ஒன்று, சுவாசப்பையில் பிறந்து வேகமாக ஓடுவது. மற்றது, உமிழ்நீர்ச் சுரப்பியில் பிறந்து மெல்ல நடப்பது. வருடக்கணக்கில் ஒளித்திருந்து சுவாசப்பையில் தலைகாட்டுமாம். அவசரத்தில் பார்த்தால் ஒன்றை மற்றதென்று எழுதிவிடலாம். மருந்தே வேறு. இரண்டொரு இடத்தில் அந்தக் கலங்களுக்கு நடுவே ஊதாச் சிவப்பில் உருண்டைகள் கிடந்தனவாம். அதுதான் அவரை உறுத்தியிருக்கிறது. அட்டையில் எழுதியிருந்த கொழுப்புக் கட்டியில் இருந்து அப்படி ஒன்று வராது. "பழைய தகடுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதுவரை நான் கையெழுத்து வைக்கமாட்டேன்," என்றார்.

பழைய தகடுகள் வேறோர் ஆஸ்பத்திரியின் அலுமாரியில் இருந்தன. இரண்டு நாளில் எடுக்கலாம் என்றார்கள். திங்கட்கிழமை எங்கோ குண்டு என்று வீதிகளை மூடினார்கள். செவ்வாய்க்கிழமை அலுமாரித் திறப்பு வைத்திருந்தவர் வேலைக்கு வரவில்லை. அந்த நாட்களைப் போலப் பயந்த நாட்கள் என் சீவியத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் விமானம் சுற்றியபோதுகூடப் பதுங்குகுழி என்று ஓர் இடம் இருந்தது. இங்கே எதற்குள் போய் இறங்குவது? பழைய கான்சரே திரும்பி வந்திருக்கவேண்டும் என்று அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைத்தேன். அப்படி நேர்த்தி வைத்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிலோமினா அக்கா தன் மகளிடம் சொல்லி அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவித்தார். "என்ன எண்டு சொல்லி ஏத்தினவ, அக்கா?" என்று கேட்டேன். "பழசு வரட்டும்னு சொல்ல வாய் வரல்லயாம், புள்ள. சும்மா ஏத்திட்டு வந்திட்டாளாம்," என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்ததில் எனக்கு இருமல் வந்து, மிஸ்ஸி ஓடிவந்தார்.

புதன்கிழமை என்னைத் தள்ளுவண்டியில் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார் டொக்டர். இவர் பின்னால் வந்தார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். முதலில் என் கண்மயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது: எள்ளில் பிரட்டி எடுத்த உருண்டைகள் போல, நடுவில் சிவந்த ஊதா, சுற்றிவரக் கறுப்புப் பொட்டுகள். இதுதான் ஊசியில் வந்தது என்றார். தகட்டை மாற்றினார். அது பழையது. ஓரம் மஞ்சளாகிப் போயிருந்தது. மூலையில் கீறியிருந்த இலக்கம் என் கடிதத்தில் இருந்த அதே இலக்கம். அதில் அதே கறுப்புப் பொட்டுகள், நடுவில் சல்லடை போல ஓட்டைகள். அந்த ஓட்டைகளுக்குள் இருக்கும் பொருள்தான் ஊசியில் உருண்டையாகக் கழன்று வந்திருக்கிறது என்றார்.

கந்தோரில் இரண்டு உறுதியைப் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே மெஷினில் அடித்ததா என்று நான் சொல்லிவிடுவேன். ஓர் எழுத்தின் கால் உடைந்திருக்கும், ஒன்று கொஞ்சம் சரிந்து விழும். டொக்டர் சொல்லுமுன் எனக்கு விளங்கிவிட்டது.

"இரண்டும் ஒன்று," என்றேன்.

"ஓம், ஒண்டு," என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில்.

டொக்டர் எதையும் மறைக்கவில்லை. இரண்டு பக்கமும் இருப்பதால் வெட்டி எடுக்க முடியாது. அது அங்கேயே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கவேண்டும். கட்டி எங்காவது அமத்தினால் கதிர்வீச்சுப் பிடிக்கலாம். மெல்ல நடக்கிற சாதி, ஆனால் நிற்காது. எத்தனை வருடம் என்று இந்தத் தரம் கேட்டேன். "வருடம் என்று கேட்கிறீர்களே, அதுவே சரியான கேள்விதான். எண்ணிக்கை என்னால் சொல்ல முடியாது," என்றார். திங்கட்கிழமையும் மாதக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு அது போதும். பயம் போய்விட்டது என்று யாராவது நினைத்தால் அது பிழை. இப்போதும் காலையில் கண் விழித்ததும் முதலில் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்.

புறப்படும்போது டொக்டர், வேண்டுமானால் நோயின் பெயர் இல்லாமல் வேறு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். என்னிடம் இருக்கும் ஒரே றிப்போட் அதுதான்.

வெள்ளிக்கிழமை திறீவீலரில் வீட்டுக்கு வந்தோம். வெள்ளவத்தைப் பாலத்தடியில் மறித்தார்கள். புதுப் பெடியன். அட்டையைப் பார்த்தான், தழும்பைப் பார்த்தான். இவருடைய கை, பழக்கத்தில், கடிதத்தை எடுக்க என் பைக்குள் போனது. நான் அந்தக் கையை விலக்கிவிட்டு நானே எடுத்து நீட்டினேன்.

பெடியன் வாசித்தான். இத்தனை வருடமும் நான் அந்த நேரத்தில் கடலையோ கடைகளையோதான் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று அவன் கண்ணைப் பார்த்தேன். முதல் வரியிலேயே அது நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மீண்டும் குனிந்து மிச்சத்தை வாசித்தான். கடிதத்தை மடித்து, இரண்டு கையாலும் தந்தான்.

"அனே, பவ் அம்மே," என்றான்.

"மம தன்னவா, புத்தா," என்றேன். எனக்குத் தெரியும், மகன்.